ஈரல் சுருக்கம் வந்தவரின் சாப்பாட்டுத் தட்டு: சமைப்பவர்களுக்கான வழிகாட்டி

சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், என்று டாக்டர் சொன்ன அன்றே நம் வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடும். முதலில் எண்ணெய் போகும். பிறகு முட்டை, கறி, மீன். அடுத்த வாரம் யாராவது உறவினர் வந்து பருப்பும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போவார். கண்ணில் மஞ்சள் தெரிந்தால் குழம்பில் மஞ்சள்தூள்கூட விழாது. ஒரே மாதத்தில் தட்டில் மிஞ்சுவது கஞ்சி, மோர், ரசம் சாதம். மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். நோய் ஆளை உருக்கிவிட்டது என்பார்கள். உருக்கியதில் ஒரு பங்கு நோயினுடையது. இன்னொரு பங்கு பத்தியத்தினுடையது.

நன்றாக இருக்கும் ஈரல் மாவுச்சத்தைச் சேமித்து வைத்து, நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக அவிழ்த்துவிடும். சுருங்கிப்போன ஈரலில் அந்தச் சேமிப்பு அறை சிறியது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் நள்ளிரவிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்யும். சிரோசிஸ் உள்ளவர் ஓர் இரவு வெறும் வயிற்றோடு இருப்பது, மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். இது தினமும் நடக்கிறது. தசை போனால் தெம்பு மட்டும் போவதில்லை. ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் குழப்பும் கழிவான அம்மோனியாவை ஈரலுக்கு அடுத்தபடியாக வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் மூளைக் குழப்பம் வரும், தொற்று எளிதில் பிடிக்கும், மாற்று அறுவை சிகிச்சை வரை போனாலும் தாங்கும் சக்தி இருக்காது. அதனால் சமைப்பவர் மனதில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று இவருக்குப் போதுமான அளவு உள்ளே போனதா?

கீழே சொல்வதெல்லாம் பொதுவான அளவுகள். சிறுநீரகம் பாதித்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கு அளவை டாக்டரும் உணவியல் நிபுணரும்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

எல்லாக் கணக்கும் எடையில்தான் தொடங்குகிறது. வயிற்றில் நீர் கோத்தவருக்குத் தராசு பொய் சொல்லும். ஐந்து லிட்டர் நீர் ஐந்து கிலோ காட்டும், அது தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. நீரைக் கழித்து மதிப்பிட ஒரு நடைமுறை உண்டு. வயிற்றில் கொஞ்சம் நீர் என்றால் எடையில் 5 சதவீதம், நடுத்தரம் என்றால் 10, வயிறு இறுகி நிற்கிறது என்றால் 15 சதவீதம் கழிக்க வேண்டும். இரண்டு காலும் வீங்கியிருந்தால் மேலும் 5.

ஒரு கணக்கு போடுவோம். தராசில் 60 கிலோ, வயிற்றில் நடுத்தர நீர், கால் வீக்கம். 10 சதவீதமும் 5 சதவீதமும் கழித்தால் 9 கிலோ போய் மிச்சம் 51. இதுதான் சமையலுக்கான எடை.

பருமனாக இல்லாத சிரோசிஸ் நோயாளிக்கு ஒரு கிலோவுக்கு நாளைக்குக் குறைந்தது 35 கலோரி வேண்டும். 51 கிலோவுக்கு 1785. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 61 முதல் 77 கிராம். ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள அளவுகள் இவை. கஞ்சியும் மோருமாக இருப்பவருக்கு 25 கிராம் புரதம்கூடப் போவதில்லை. இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

புரதம் எதில் எவ்வளவு

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடலாம். எல்லாம் தோராயம்தான், சமையலுக்கு இது போதும்.

ஒரு முட்டை: 6 கிராம்
பால் 200 மில்லி: 6 முதல் 7
தயிர் 100 கிராம்: 3
துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு, வேகவைக்கும் முன் 30 கிராம்: 7
கொண்டைக்கடலை, ஊறவைக்கும் முன் 40 கிராம்: 8
வேர்க்கடலை 30 கிராம்: 7
பொட்டுக்கடலை 30 கிராம்: 6
பன்னீர் 50 கிராம்: 9
மீல் மேக்கர், உலர்ந்தது 25 கிராம்: 13
சமைத்த மீன் 75 கிராம்: 15
சமைத்த கோழி 75 கிராம்: 19
ஒரு இட்லி: 2, ஒரு சப்பாத்தி: 3, ஒரு கப் சோறு: 4

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். பருப்புத் தண்ணீர், ரசம், கஞ்சித் தண்ணீர், காய்கறி சூப் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி புரதம் இல்லை. ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்ட அது தரமான புரதம் அல்ல, உப்போ ஏராளம். சாம்பாரிலும் அடியில் தங்கும் பருப்பில்தான் சத்து. நோயாளிக்கு மேலாகத் தெளிவை ஊற்றிவிட்டு, கெட்டியை மற்றவர்கள் சாப்பிடுவது பல வீடுகளில் நடக்கிறது. லேசாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுங்கள்.

சைவக் குடும்பங்கள் பயப்பட வேண்டாம். பருப்பு, சுண்டல், பால், தயிர், பன்னீர், வேர்க்கடலை, மீல் மேக்கர் இவற்றை வைத்தே 70 கிராம் எட்டலாம். மூளைக் குழப்பம் வந்து போனவர்களுக்குப் பருப்பு, பால் வழி வரும் புரதம் இன்னும் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சமைத்தால் வாடை போய்விடும்.

எண்ணெய்க்குத் தடை இல்லை. கொழுப்புதான் சிறிய கவளத்தில் நிறையக் கலோரியைக் கொண்டுவருவது. தாளிக்கவும் தோசைக்கும் வழக்கமான அளவு ஊற்றலாம். பித்தநாளம் அடைபட்டு மலம் எண்ணெய்ப் பசையோடு வெளுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் கதை வேறு. அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மஞ்சள்தூளும் அப்படித்தான். குழம்பில் போடும் கால் டீஸ்பூன் மஞ்சளால் காமாலை அதிகரிக்காது. கடையில் மாத்திரையாகவும் கேப்சூலாகவும் விற்கும் செறிவூட்டிய மஞ்சள் சாற்றை விலக்குங்கள். அதனால் ஈரல் பாதிப்பு வந்தது உண்டு.

மணி பார்த்து ஊட்டுங்கள்

மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவது இவர்களால் முடியாது. வயிற்று நீர் இரைப்பையை அழுத்துவதால் நாலு வாய்க்குள் நிறைந்துவிடும். ஆகவே ஆறு ஏழு சிறு வேளைகளாகப் பிரித்து, பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 51 கிலோ மனிதருக்கு ஒரு மாதிரி நாள்:

எழுந்ததும் 100 மில்லி பாலில் காபி. (காபி ஈரலுக்குக் கெடுதல் என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நாளைக்கு இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன.) எட்டு மணிக்குள் மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. பத்தரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல். ஒரு மணிக்கு ஒன்றரைக் கப் சோறு, 30 கிராம் பருப்பில் செய்த கூட்டோ குழம்போ, ஒரு பொரியல், 100 கிராம் தயிர். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. ஏழு மணிக்கு இரண்டு சப்பாத்தி, கெட்டிப் பருப்பு. படுக்கப் போகும்போது 40 கிராம் கேழ்வரகு மாவை 200 மில்லி பாலில் காய்ச்சிய கஞ்சி, ஒரு வாழைப்பழம். கூட்டிப் பார்த்தால் புரதம் 75 கிராமை ஒட்டி வரும், கலோரி 2000-ஐ ஒட்டி.

இந்தப் பட்டியலில் எதை விட்டாலும் கடைசியை விடாதீர்கள். படுக்கும் முன் சாப்பிடும் அந்தச் சிற்றுண்டியில் குறைந்தது 50 கிராம் மாவுச்சத்து இருக்க வேண்டும், கூடவே கொஞ்சம் புரதம். இரவு முழுவதும் தசை கரையாமல் காப்பது இதுதான். சிரோசிஸ் உணவில் ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். வெறும் பால் ஒரு டம்ளர் போதாது; அதில் 10 கிராம் மாவுச்சத்துதான் இருக்கிறது. கஞ்சி பிடிக்காவிட்டால் இரண்டு சப்பாத்தியும் பாலும், மூன்று இட்லியும் ஒரு வாழைப்பழமும், வீட்டில் அரைத்த சத்துமாவு, எதுவும் சரி. நேரம் பத்து மணியை ஒட்டி இருக்கட்டும். ஏழு மணிக்கே கொடுத்துவிட்டு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலையில் எழுந்ததும் சாப்பாட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. நடைபயிற்சி, குளியல், பூஜை முடித்துப் பத்து மணிக்குச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர் எழுந்த அரை மணி நேரத்தில் ஏதாவது வாயில் போட வேண்டும்.

விரதங்கள் இங்கேதான் இடிக்கும். சஷ்டி, ஏகாதசி, சனிக்கிழமை ஒரு பொழுது, ரமலான் நோன்பு எதுவானாலும், சிரோசிஸ் முற்றியவர் நீண்ட நேரம் பட்டினி இருப்பது ஆபத்து. வேண்டுதலை வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

கோவில் விரதத்தைவிட மருத்துவமனை விரதம் மோசம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை என்று 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்பார்கள். காலை ஏழு மணிக்குப் போய், பதினொன்றுக்கு ஸ்கேன் முடிந்து, டாக்டரைப் பார்த்து ஒரு மணிக்கு வெளியே வந்தால், முந்தைய இரவு எட்டு மணிச் சாப்பாட்டிலிருந்து பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும். நேரம் வாங்கும்போதே 'சிரோசிஸ் நோயாளி, முதல் ஆளாக வையுங்கள்' என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி தேவை என்று குறிப்பாகக் கேட்டு, அதற்கு முன்பு வரை கொடுங்கள். பையில் இரண்டு சப்பாத்தியும் வாழைப்பழமும் இருக்கட்டும். பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.

பசியே இல்லை என்பவரிடம் 'இன்னும் ரெண்டு வாய்' என்று மல்லுக்கட்டுவதைவிடச் சில தந்திரங்கள் உதவும். சாப்பாட்டுக்கு முன்னும் நடுவிலும் தண்ணீர் நிறையக் குடிக்கவிடாதீர்கள். தட்டில் முதலில் புரதம் போகட்டும், ரசம் சாதம் கடைசியில். பெரும்பாலோருக்குக் காலையில்தான் பசி இருக்கும். நாளின் பெரிய வேளையைக் காலைக்கு மாற்றுங்கள். வயிற்று நீரை ஊசி போட்டு எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகச் சாப்பிட முடியும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

உப்பு: யாருக்கு, எவ்வளவு, எப்படி

வயிற்றில் நீரோ கால் வீக்கமோ இல்லாதவருக்குக் கடுமையான உப்புக் கட்டுப்பாடு தேவையில்லை. அப்பளம், ஊறுகாயைக் குறைத்தால் போதும். நீர் கோத்தவருக்கு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது மட்டம் தட்டிய ஒரு டீஸ்பூன். இதில் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் இருக்கிறது. பால், முட்டை, காய்களில் இயல்பாகவே கொஞ்சம் சோடியம் உண்டு என்பதால், சமையலில் சேர்ப்பது 4 கிராமாக இருக்கட்டும்.

உப்பே இல்லாமல் சமைப்பதும் தவறு. அதைச் சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவார், புரதமும் சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். உப்பில்லாச் சோறு பாதி சாப்பிடுவதைவிட, கொஞ்சம் உப்போடு முழுவதும் சாப்பிடுவது மேல்.

நடைமுறையில் ஒரு வழி: காலையில் ஒரு சிறு டப்பாவில் அன்றைய 4 கிராம் உப்பை அளந்து வையுங்கள். இவருடைய சமையலுக்கு அதிலிருந்து மட்டும் எடுங்கள். இரவு டப்பா காலியாகலாம், அதற்கு மேல் கிடையாது. குழம்பையும் பொரியலையும் உப்புப் போடும் முன்பே இவர் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, டப்பா உப்பைச் சாப்பிடும்போது மேலாகத் தூவுங்கள். உள்ளே வெந்த உப்பைவிட நாக்கில் நேரடியாகப் படும் உப்பு அதிகம் உறைக்கும், அதனால் குறைவாகப் போட்டாலே போதும்.

இட்லி மாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய பாத்திர மாவில் கைப்பிடி உப்புப் போட்டுக் கரைத்துவிடுவதால் ஒரு இட்லியில் எவ்வளவு உப்பு என்று யாருக்கும் தெரியாது. மாவு அரைத்ததும் உப்புக்கு முன் இவருக்கான மாவைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். உப்பில்லாமலும் மாவு பொங்கும். சற்று சீக்கிரமே புளித்துவிடும் என்பதால் பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கடை மாவு வாங்கினால் இந்தக் கணக்கு கையைவிட்டுப் போய்விடும். ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவும் சோடியம்தான். சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டிலும் முதல் நாளே நிறுத்துங்கள். சுவைக்கு எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று நம் அஞ்சறைப்பெட்டியே கைகொடுக்கும். இரண்டு வாரம் பொறுத்தால் நாக்கு பழகிவிடும்.

நீர் கோத்தவர் இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாதவை: அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, மிக்சர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், பாக்கெட் சூப். கடையில் வாங்கும் சில மசாலாப் பொடிகளிலும் இஞ்சி பூண்டு விழுதிலும் உப்பு கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை, சாக்கெட்டில் வரும் வயிற்றெரிச்சல் பொடி இவற்றிலும் சோடியம் அதிகம். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுவதற்குமான சோடியம் இருக்கிறது. தெம்புக்காக அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

இந்துப்பும் கல் உப்பும் பெயரில்தான் வேறு, உள்ளே அதே சோடியம் குளோரைடு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது வேறு வகையில் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்கக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும்; இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இதே காரணத்துக்காக அந்த மாத்திரை சாப்பிடுபவர் தினமும் இளநீர் குடிப்பதும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

அடிக்கடி நடக்கும் இன்னொரு குழப்பம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128 என்று வரும். 'உடம்பில் உப்பு குறைந்துவிட்டதாம்' என்று வீட்டில் உப்பை அள்ளிப் போடத் தொடங்குவார்கள். சிரோசிஸில் பெரும்பாலும் உப்பு குறைவதில்லை. தண்ணீர் அதிகமாகச் சேர்ந்து உப்பை நீர்க்கச் செய்கிறது. உப்பைக் கூட்டினால் அது இன்னும் நீரைப் பிடித்து வயிற்றில் நிறுத்தும். சோடியம் 125-க்குக் கீழே போனால் டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார், எவ்வளவு என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் இருக்கும்வரை வெயில் காலத்தில் தாகத்தோடு வாட்ட வேண்டியதில்லை.

மூளைக் குழப்பம் வந்தால் புரதத்தை நிறுத்தலாமா

கூடாது. பழைய வைத்திய முறையில் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். இன்றும் சில டிஸ்சார்ஜ் சீட்டுகளில் பார்க்கலாம். 2004-இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு ஒன்றில், குழப்பத்தோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் நாளிலிருந்தே கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் குறைத்துத் தொடங்கினார்கள். குறைத்ததால் குழப்பம் சீக்கிரம் தெளியவில்லை. உடம்பின் புரதம் கரைந்ததுதான் கண்ட பலன்.

குழப்பம் வரும்போது தேட வேண்டியது வேறு இடங்களில். மலச்சிக்கல், தொற்றுக் காய்ச்சல், ரத்தக்கசிவு, நீர் மாத்திரையால் உடம்பு வற்றிப்போனது, தூக்க மாத்திரை, நிறுத்திவிட்ட லாக்டுலோஸ் (மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் மருந்து). இந்தக் கடைசிதான் வீட்டில் அதிகம் நடப்பது. மருந்து தித்திக்கிறது, வயிறு உப்புகிறது, ஒரு நாள் நாலு முறை போயிற்று என்று அடியோடு நிறுத்திவிடுவார்கள். லாக்டுலோஸின் இலக்கு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம். நாலு ஐந்து முறை தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள். ஒரு முறைகூடப் போகவில்லை என்றாலும் கேளுங்கள்.

முதல் அறிகுறிகள் சிறியவை. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். கையெழுத்துக் கோணும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார். கையை முன்னால் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் பறவை சிறகடிப்பதுபோல் விட்டுவிட்டு விழும். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம். உணவுக்குழாயில் ரத்த நாளம் புடைத்திருப்பதாலேயே குழாய் போடக் கூடாது என்றில்லை. புடைத்த நாளத்தை இறுக்கிக் கட்டும் ரப்பர் வளையம் (பேண்டு) புதிதாகப் போட்டிருந்தால் மட்டும் டாக்டர் சில நாள் தள்ளுவார். அந்த நாட்களில் வாய்வழி உணவும் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி என்று மென்மையாக, ஆறவைத்துத்தான்.

ஈரலுக்கு நல்லது என்று வருபவை

மது ஒரு சொட்டும் கூடாது, பீரும் கணக்குதான். பலர் யோசிக்காதது அரிஷ்டமும் ஆசவமும். அவை புளிக்கவைத்துச் செய்பவை, தானாகவே ஆல்கஹால் ஊறியிருக்கும். பசிக்காக என்று தினமும் இரண்டு வேளை குடிப்பவர் மதுவை நிறுத்தவே இல்லை என்றுதான் பொருள்.

நாட்டு மருந்து விஷயத்தில் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் பொடியும் கஷாயமும் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வெளியே தெரியாமல் ஈரல் நோய் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஏற்கெனவே சுருங்கிய ஈரலுக்கு இன்னொரு அடியைத் தாங்கும் இடம் இல்லை. பெயர், சேர்மானம் தெரியாத சூரணம், பஸ்பம், 'லிவர் டானிக்' எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கிரீன் டீயாகக் குடிப்பது பரவாயில்லை. அதன் சாற்றைச் செறிவாக்கிய எடைக்குறைப்பு மாத்திரை கூடாது. சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சாறு கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். கசப்புச் சுரைக்காய் வயிற்றில் ரத்தக்கசிவையே உண்டாக்கும்.

தெம்புக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டையை உடைத்துக் குடிப்பது, காய்ச்சாத பால், அரைவேக்காட்டு நண்டு, மட்டி எல்லாம் விலக்க வேண்டியவை. குறிப்பாகக் கடல் சிப்பி வகைகளில் இருக்கக்கூடிய விப்ரியோ கிருமி ஈரல் நோயாளிகளின் ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் உயிரை எடுக்கக்கூடியது. நன்றாகக் கொதித்து வெந்த முட்டையும் மீனும் எந்தத் தடையும் இல்லாதவை.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நீரைக் கூட்டும். பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்குள், அதுவும் டாக்டருக்குத் தெரிந்து.

சர்க்கரையும் பருமனும் சேர்ந்திருந்தால்

கொழுப்பு ஈரலில் தொடங்கிச் சிரோசிஸுக்கு வந்தவர்களில் பலருக்கு இரண்டும் இருக்கும். பருமனானவர் கலோரியைக் குறைக்கலாம், புரதத்தைக் குறைக்கக் கூடாது. குறைப்பது சோறு, இனிப்பு, பொரித்தது ஆகியவற்றில் நடக்கட்டும். வயிற்றில் நீர் நிற்கும்போது எடைக்குறைப்பைத் தொடங்கக் கூடாது. பேலியோ, ஒருவேளை உணவு, 16 மணி நேர இடைவெளி விரதம் எதுவும் இவர்களுக்கானவை அல்ல.

சர்க்கரை உள்ளவருக்கும் இரவுச் சிற்றுண்டி உண்டு. கஞ்சியில் வெல்லம் சேர்க்காமல், கேழ்வரகுத் தோசை, சப்பாத்தி, பால், சுண்டல் என்று மெதுவாகச் செரிப்பதாகக் கொடுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து மற்ற நீரிழிவு நோயாளிகளைவிட அதிகம். அந்தத் தாழ்வும் குழப்பம் போலவே இருக்கும் என்பதால், பேச்சுத் தடுமாறினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் கணக்கு

ஒரு நோட்டு போதும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே தராசில், லேசான உடையில் எடை. நீர் மாத்திரை எடுப்பவருக்கு எடை இறங்கும் வேகமும் முக்கியம். கால் வீக்கம் இல்லாதவர் நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல், வீக்கம் உள்ளவர் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் மாத்திரையின் வேகம் அதிகம். வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது. இரண்டையும் டாக்டரிடம் தொலைபேசியிலாவது சொல்லுங்கள்.

தசைக்குத் தராசு உதவாது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நொடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். நொடிகள் கூடிக்கொண்டே போனால் தசை போய்க்கொண்டிருக்கிறது. இதே எழுந்து உட்காரும் பயிற்சியும் தினமும் அரை மணி நடையும் சாப்பிட்ட புரதம் தசையாவதற்குத் தேவை. நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கு எவ்வளவு ஊட்டினாலும் அது தசையில் ஒட்டாது.

ரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், காய்ச்சலோடு வயிற்று வலி, திடீரெனச் சிறுநீர் குறைவது, பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று நாள் சாப்பாட்டை நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை இட்லி, எத்தனை மில்லி பால், இரவு பத்து மணிக்கு என்ன. 'நல்லா சாப்பிடறார்' என்ற பதிலை வைத்து எந்த டாக்டராலும் எதையும் திருத்த முடியாது.